ஆதனவரி மதிப்பீடு கூடி வந்திருக்கிறதா? இணக்கசபைக்கு ஓடமுன் இதைப் படியுங்கள்

இலங்கையில் வீடு, காணிக்கு உள்ளூராட்சி சபை வாங்கும் ஆதனவரியின் மதிப்பீடு கூடி வந்தவுடன் "இணக்கசபையில போடுங்கோ, காசில்லாமல் முடிச்சுத் தருவினம்" என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சை நம்பி, ஆட்சேபனை போடவேண்டிய மாதத்தைக் கோட்டைவிட்ட வயதானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கும் மத்தியஸ்த சபை, அதாவது எங்கள் பேச்சில் இணக்கசபை, இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசி உடன்பட வைக்கும் இடம். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. உங்கள் மதிப்பீட்டைக் குறைக்கச் சொல்லி மாநகரசபைக்கு அது கட்டளை போட முடியாது. அங்கே மனுக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதற்காக ஆட்சேபனைக்கான நாளும் நீளாது.

பேசித் தீர்க்கும் உண்மையான இடம் உள்ளூராட்சி சபையின் ஆட்சேபனை விசாரணைதான். மாநகரசபை எல்லைக்குள் என்றால், மதிப்பீட்டு அறிவித்தல் கையில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கவேண்டும். நகரசபை, பிரதேச சபைக்காரர் தங்கள் அறிவித்தலில் போட்டிருக்கும் கடைசி நாளைப் பாருங்கள். வாயால் சொன்னது கணக்கில்லை. கவுண்டரில் "சரி அம்மா, பாத்துச் செய்யிறம்" என்று சொன்னதும் கணக்கில்லை. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள், அடிக்க மறுத்தால் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அலைக்கழிப்பு தொடங்குவதும் அந்தக் கவுண்டரில்தான். "மதிப்பிட்டது விலைமதிப்புத் திணைக்களம், அங்க போங்கோ" என்பார்கள். அங்கே போனால் "சபையில கேளுங்கோ" என்று திருப்பி விடுவார்கள். இடையில் யாராவது விதானையாரிடம் (கிராம சேவையாளரிடம்) கடிதம் எடுத்துவரச் சொல்வார்கள். இப்படி வெயிலில் நடந்தே அந்த மாதம் முடிந்துவிடும். மதிப்பிட்டது யாராக இருந்தாலும் ஆட்சேபனையை ஏற்று விசாரிக்கவேண்டியது சபை. வேறெங்கும் போகாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளுக்குத்தான் பெரிய அடி. அறிவித்தலைக் கேற்றில் செருகிவிட்டுப் போவார்கள், மழையில் நனைந்து மண்ணோடு போய்விடும். வீட்டைப் பார்ப்பவரிடம் சபைக் கடிதம் எது வந்தாலும் அன்றைக்கே படம் பிடித்து அனுப்பச் சொல்லிவையுங்கள். அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்பட நீங்கள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், வைத்திருப்பவர் விசாரணைக்கு வருவதென்றால் அதன் பிரதியை ஆட்சேபனையோடு சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது. காணி உறுதி மகளின் பெயரிலும் வரிப் பதிவு இறந்துபோன தகப்பனின் பெயரிலும் இருந்தால் அதைச் சாட்டி உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே உறுதிப் பிரதியும் மரணச் சான்றிதழும் கையோடு இருக்கட்டும்.

அப்புறம், எதை எதிர்க்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். வரி வீதத்தைச் சபை தீர்மானிக்கிறது, அதை இந்த விசாரணையில் அசைக்க முடியாது. நீங்கள் கேள்வி கேட்கக்கூடியது ஆண்டுப் பெறுமதியை, அதாவது அந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை. "எனக்குப் பென்சன் மட்டும்தான்" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதனால் பெறுமதி குறையாது. அதே ஒழுங்கையில் அதே அளவு வீட்டின் வாடகை உடன்படிக்கைப் பிரதி, பக்கத்து வீட்டின் மதிப்பீட்டுத் தொகை, கூரை உக்கியதைக் காட்டும் படங்கள், இவைதான் பேசும். நான் பார்த்த ஓர் அறிவித்தலில் கடை என்று பதிந்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் அது மதிலோடு ஒட்டிய பழைய அறை, உள்ளே ஓர் உரலும் சில்லுக் கழன்ற சைக்கிளும் தேங்காய் மட்டையும். ரோட்டில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார்கள்! பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். இடித்த கட்டடம் இன்னும் நிற்பதாக இருக்கலாம், சதுர அடி பிழையாக இருக்கலாம்.

விசாரணை நாளில் ஒரு தொகையைச் சொல்லி "இதுக்குச் சம்மதமோ" என்று கேட்டால், யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை எழுத்தில் இருக்கவேண்டும், எந்த வருடத்திலிருந்து என்பதும் இருக்கவேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால், மாநகரசபை விடயத்தில், முடிவு அறிவித்து 30 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். அந்த நிலையில் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

இணக்கசபை உதவும் இடம் வேறு. சகோதரர்கள் நாலு பேருக்குப் பொதுவான வீட்டில் ஒருவரே வரி கட்டிக்கொண்டிருக்கிறார், அல்லது வாடகைக்காரர் முன்னறையில் கடை போட்டதால் மதிப்பீடு கூடியது, அந்த மேலதிகத்தை யார் கட்டுவது என்று இழுபறி. இதற்கெல்லாம் அங்கே தாராளமாகப் போகலாம், இணங்கியதை எழுதிக் கையெழுத்தும் வாங்கலாம்.

எதில் இழுபறி இருந்தாலும் வரியை நிறுத்தாதீர்கள். நிலுவை சேர்ந்தால் வாரண்ட் செலவும் மேலே ஏறும். முழு வருடத்துக்குரியதை ஜனவரி 31 க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. ஆட்சேபனை போட்டிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். குறைத்துத் தந்தார்கள் என்றால் அடுத்த காலாண்டுச் சீட்டில் புதுத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய தொகையே வந்திருந்தால் அதே கிழமை முடிவுக் கடிதத்தோடு போய் நில்லுங்கள்.