தண்ணீர் குடித்தும் ஏன் வாய் காய்கிறது?

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வறட்டி எடுக்கும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் உதடு வெடிப்பது அப்போது வழக்கம்தான். ஆனால் பாத எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் சாப்பிடும் சர்க்கரைக்காரர் ஒருவர், "எவ்வளவு குடிச்சாலும் நாக்கு ஒட்டுது" என்றால் பழியைக் காற்றின் மேல் மட்டும் போட முடியாது. ரத்தச் சர்க்கரை ஏறினாலும் வாய் காயும். முதலில் அதைப் பார்த்துவிட வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் மாத்திரை மேல்தான்.

ஒரு நாளைக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை நமக்கு உமிழ்நீர் ஊறுகிறது. சாப்பாட்டு வாசனை பட்டதும் நரம்பு நுனிகள் அசிடைல்கோலின் என்ற, சேதி சொல்லும் வேதிப்பொருளை விடுகின்றன. அது சுரப்பிச் செல்லில் சேதியை வாங்கும் இடமான மஸ்கரினிக் ஏற்பியில் போய் உட்கார்ந்தால் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. உப்பு வெளியேறுகிறது, பின்னாலேயே நீரும் வருகிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் அமிட்ரிப்டிலின் அந்த ஏற்பியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. சுரப்பி நன்றாகத்தான் இருக்கிறது, சேதிதான் வந்து சேரவில்லை. சொம்பு சொம்பாகக் குடித்தாலும் வாய் கொஞ்ச நேரம் நனையுமே தவிர, உமிழ்நீர் ஊறாது.

நல்லவேளை, இது நிரந்தரமான அடைப்பு அல்ல, போட்டி. அசிடைல்கோலின் கூடுதலாக வந்தால் சில இடங்களையாவது மீட்டுவிடும். மெல்லும்போது அதுதான் நடக்கிறது. சர்க்கரை இல்லாத சூயிங்கம் உதவுவது இதனால்தான்.

பலரும் செய்வது புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வது. அதைவிட மோசமான வைத்தியம் கிடையாது. வாயில் அமிலம் ஏறி பிஎச் 5.5க்குக் கீழே போனால் பல் எனாமல் கரையத் தொடங்கும். அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் உமிழ்நீரில்தான் இருக்கிறது, அதுவோ இப்போது வற்றிக் கிடக்கிறது. எலுமிச்சை சோடாவும் அதே கணக்கில்தான் சேரும். ஓட்டலில் தரும், பதிமுக மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பது மேல். ஃபுளோரைடு பற்பசையும் அவசியம்.

அப்புறம், காற்றுக் காலத்தில் மூக்கு ஒழுகினால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை. அவற்றில் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமைனும் அதே ஏற்பியைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தின் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். அமிட்ரிப்டிலினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவைக் குறைக்கவோ, வாயை அவ்வளவாகக் காயவிடாத நார்ட்ரிப்டிலினுக்கு மாற்றவோ மருத்துவரால் முடியும்.