ஏர்ஃப்ளோவை ஏஐ உதவியாளரோடு இணைக்கிறீர்களா? அட்மின் கணக்கைக் கொடுக்காதீர்கள்

கிளாட் டெஸ்க்டாப் போன்ற ஒரு ஏஐ செயலியோடு அப்பாச்சி ஏர்ஃப்ளோவை (தரவு வேலைகளை நேரப்படி வரிசையாக ஓட்டும் மென்பொருள்) இணைப்பது இப்போது பெரிய வேலையே இல்லை. செயலியின் அமைப்புக் கோப்பில் எம்சிபி சர்வரை (இரண்டுக்கும் நடுவே நிற்கும் நிரல்) இயக்கும் கட்டளை, ஏர்ஃப்ளோவின் முகவரி, பயனர்பெயர், பாஸ்வேர்டு என்று நாலைந்து வரி எழுதி, செயலியை மூடித் திறந்தால் போதும். அந்தக் கடைசி இரண்டு வரிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கையில் இருப்பது அட்மின் கணக்கு என்பதால் பலரும் யோசிக்காமல் அதையே போட்டுவிடுகிறார்கள்.

எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஐ மாடல்கள் வெளி மென்பொருட்களோடு பேசுவதற்கான பொது நெறிமுறை. டாக் (DAG, வரிசையாக ஓட வேண்டிய டாஸ்க்குகளின் தொகுப்பு) பட்டியலைக் காட்டு, லாக்கை (ஓடும்போது பதிவாகும் குறிப்புகள்) எடு, புதிய ரன்னை (டாக் ஒருமுறை ஓடுவது) தொடங்கு என்று தன்னால் செய்ய முடிந்தவற்றை எம்சிபி சர்வர் சொல்லும். எதைக் கூப்பிடுவது என்று மாடல் முடிவு செய்யும். உடனே சர்வர் ஏர்ஃப்ளோவின் ரெஸ்ட் ஏபிஐயை, அதாவது வேறு நிரல்கள் அதனோடு பேசும் வாசலை, தட்டும். ஏர்ஃப்ளோவைப் பொறுத்தவரை வந்திருப்பது நீங்கள்தான். உங்களால் முடிவதெல்லாம் மாடலாலும் முடியும்.

இந்த இணைப்பில் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி படிப்பதில்தான் இருக்கிறது. "ராத்திரி எந்த டாக் விழுந்தது, ஏன்?" என்று கேட்டால், மூன்று முயற்சிகளின் லாக்கையும் ஒப்பிட்டு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். அதற்கு, பார்க்க மட்டும் அனுமதிக்கும் வியூவர் ரோல் போதும். அந்த ரோலால் ரன்னைத் தொடங்க முடியாது, வெளி அமைப்புகளின் பாஸ்வேர்டுகள் இருக்கும் கனெக்‌ஷன்களையும் சேமித்துவைத்த மதிப்புகளான வேரியபிள்களையும் பார்க்க முடியாது. உதவியாளருக்கென்று தனியாக ஒரு வியூவர் கணக்கு திறந்துவிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஏர்ஃப்ளோவின் 'கிளியர்' கட்டளை. பெயரைப் பார்த்தால் எதையோ துடைப்பது போல இருக்கும். உண்மையில் அது டாஸ்க்கின் நிலையை அழித்து, ஷெட்யூலரை (நேரம் பார்த்து டாஸ்க்குகளை ஓட்டும் பகுதி) அதே டாஸ்க்கை மறுபடி ஓட்டவைக்கிறது. ஒரு டாஸ்க் அன்றைய விற்பனை வரிகளை டேபிளில் சேர்த்துவிட்டு, பிறகு வெளி சேவை ஒன்றுக்குத் தகவல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிகள் சேர்ந்து கமிட்டும் (நிரந்தரப் பதிவு) ஆகிவிட்டன. தகவல் அனுப்பும்போது டைம்அவுட், அதாவது பதில் வராமலே நேரம் முடிந்துவிட்டது. லாக்கின் கடைசியில் தெரிவது டைம்அவுட் மட்டும்தான். அதைப் படித்த மாடல், "தற்காலிக நெட்வொர்க் பிரச்சினை, கிளியர் செய்தால் சரியாகிவிடும்" என்று சொல்லும். லாக்கை மட்டும் பார்த்தால் அது நியாயமான பதில். ஆனால் கிளியர் செய்தால் அதே வரிகள் இரண்டாம் முறை ஏறும். காலையில் விற்பனைக் கணக்கு இரட்டிப்பாக நிற்கும். அந்தத் தேதியின் வரிகளை முதலில் அழித்துவிட்டுச் சேர்க்கும்படி டாஸ்க் எழுதப்பட்டிருக்கிறதா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

கிளியர் அனுமதி கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அந்த ஏபிஐயில் ஒத்திகை வசதி இருக்கிறது. எந்தெந்த டாஸ்க்குகள் மாறும் என்ற பட்டியலை மட்டும் தரும். அந்தப் பட்டியலை ஒரு மனிதர் பார்த்த பிறகே அடுத்த அடி. எம்சிபி சர்வர் தரும் ஒவ்வொரு கருவிக்கும் கிளாட் அனுமதி கேட்கும்போது, எதையாவது மாற்றும் கருவிகளுக்கு 'எப்போதும் அனுமதி'யை அழுத்தாதீர்கள்.

லாக்கில் இருப்பது எல்லாம் நாம் எழுதியது அல்ல. வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பின் பெயர், வெளி ஏபிஐ திருப்பிய பிழைச்செய்தி எல்லாம் அதில் வரும். அதற்குள் யாராவது ஒரு கட்டளையை எழுதிவைத்தால், மாடல் அதை நம் சொல்லாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அப்புறம், லாக் முழுவதும் மாடல் ஓடும் சர்வருக்குப் போகிறது. பாஸ்வேர்டு, டோக்கன் போன்ற பெயருள்ள மதிப்புகளை ஏர்ஃப்ளோ மறைக்கும். டாஸ்க் தானாக அச்சிட்ட போன் நம்பரை மறைக்காது. இணைப்பதற்கு முன் லாக்கில் என்னென்ன அச்சாகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம் ஊர் நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஏர்ஃப்ளோ உள்ளுக்குள் வைத்திருப்பது யுடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்). 13ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு ஓடிய தினசரி ரன், யுடிசியில் 12ஆம் தேதி 20:30. ஏர்ஃப்ளோ 2இல் தினசரி ரன்னுக்கு அது கையாளும் காலத்தின் (இங்கே 11ஆம் தேதி 20:30 முதல் 12ஆம் தேதி 20:30 வரை) தொடக்கமே பெயராகும் என்பதால், ரன்னின் அடையாளத்தில் 11 என்றிருக்கும். "13ஆம் தேதி ரன் ஏன் விழுந்தது" என்று மொட்டையாகக் கேட்டால் உதவியாளர் வேறொரு ரன்னை எடுத்துவைத்துக்கொண்டு தெளிவாக விளக்கும். ரன்னின் முழு அடையாளத்தையும் கொடுத்துக் கேளுங்கள்.

அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தில் கிடக்கிறது. அதை கிட்டில் (Git, டீம் நிரல்களைப் பகிர்ந்து வைக்கும் இடம்) ஏற்றிவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து டீம் குரூப்பில் போடாதீர்கள். தனிக் கணக்கு இருந்தால், கசிந்ததாகச் சந்தேகம் வந்த அன்றே வேறு எந்த வேலையும் நிற்காமல் அதை மட்டும் மூடிவிடலாம்.