ஷெர்ப்பா: கிழக்கத்தியாரும் டூனியின் உடன்பிறந்தானும்

ஜி20 தலைமை இந்தியாவிடம் இருந்த 2022-23-ல், 'ஜி20 ஷெர்பா அமிதாப் காந்த்' என்று பேப்பரில் அடிக்கடி வந்தது. உதய்ப்பூரில் ஷெர்பா கூட்டம், குமரகத்தில் ஷெர்பா கூட்டம், ஹம்பியில் ஷெர்பா கூட்டம். என் மாமனார் ஒரு நாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவர் பேர் காந்தா, ஷெர்பாவா? சாதிப் பேரா அது?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், அன்றைக்கு அந்தச் செய்தியைப் படித்தவர்களில் உண்மைக்கு மிக அருகில் போனவர் அவர்தான்.

ஷெர்ப்பா என்பது ஒரு இனத்தின் பெயர். நேபாளத்தின் கிழக்குப் பகுதியில், எவரெஸ்ட் நிற்கிற சோலுகும்பு மாவட்டம்தான் அவர்களுடைய தாயகம். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து கிளம்பி, மலையைத் தாண்டி அங்கே குடியேறியவர்கள். திபெத்திய மொழியில் 'ஷர்' என்றால் கிழக்கு. 'பா' என்பது நம்முடைய 'ஆர்', 'காரர்' மாதிரி ஒட்டிக்கொள்கிற விகுதி. ஆக, கிழக்கிலிருந்து வந்தவர். நாம் தெக்கத்தியார், வடக்கத்தியார் என்கிறோமே, அதே கணக்கில் கிழக்கத்தியார். சொல்லுக்குச் சொல் தமிழ் வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. அவர்கள் வாயில் இது 'ஷெர்வா' என்று வரும். வெளியார் எழுதி எழுதித்தான் ஷெர்ப்பா நிலைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. தமிழில் கிழக்கு என்ற சொல்லே 'கீழ்' என்பதிலிருந்து வந்தது, நிலம் கிழக்கே சரிந்து தாழ்வதால் கிழக்கு, உயர்ந்த பக்கம் மேற்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் உலகத்திலேயே உயரமான மலையடியில் வாழ்கிறவர்களைக் கீழ்த்திசைக்காரர் என்று கூப்பிட வேண்டியிருக்கிறது.

சரி, இனத்தின் பெயர் எப்படித் தொழிலின் பெயர் ஆனது? அதற்கு அலெக்சாண்டர் கெல்லாஸ் என்ற வேதியியல் ஆசிரியரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 1868-ல் பிறந்தவர், லண்டனில் வேதியியல் அறிஞர் வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியில் பல வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவமுள்ள, கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். கல்லூரி விடுமுறை விட்டால் கப்பலேறிச் சிக்கிமுக்கு வந்துவிடுவார்.

1907-ல் முதல்முறை வந்தபோது அக்கால வழக்கப்படி சுவிட்சர்லாந்து வழிகாட்டிகளையும் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்தார். ஆல்ப்ஸில் புலிகளாக இருந்தவர்களுக்கு இமயத்தின் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. டார்ஜிலிங்கில் கூலிக்கு அமர்த்திய ஷெர்ப்பாக்களும் பூட்டியா என்ற இன்னொரு மலையினத்தவரும் அதே உயரத்தில் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தார்கள். அடுத்த பயணத்திலிருந்து கெல்லாஸ் ஐரோப்பிய வழிகாட்டியே வைத்துக்கொள்ளவில்லை. இவர்களுக்குக் கயிறும் பனிக்கோடரியும் பழக்கி, சுமை தூக்க வந்தவர்களையே உடன் ஏறுகிறவர்களாக ஆக்கிக்கொண்டார். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம், அன்றைக்கு இப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. ஷெர்ப்பாக்களைப் பற்றி அவர் லண்டனில் போய்ச் சொன்னதும் எழுதியதும்தான் பின்னால் வந்த எவரெஸ்ட் குழுக்கள் டார்ஜிலிங்கில் அவர்களைத் தேடிப் பிடித்ததற்கு ஒரு முக்கியமான காரணம்.

அதற்கு முன் இந்த வேலைக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? கூலி. நம் வீட்டுச் சொல். செய்த வேலைக்குக் கொடுக்கும் காசு என்று நாம் சொல்வதை அவர்கள் அந்த வேலையைச் செய்கிற ஆளுக்கே பெயராக்கிவிட்டார்கள். இது தமிழ்க் கூலியிலிருந்துதான் போனது என்று ஒரு சாரார் சொல்வார்கள், குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து என்று இன்னொரு சாரார், இரண்டும் கலந்தது என்றும் ஒரு கட்சி உண்டு. 1920-களின் எவரெஸ்ட் அறிக்கைகளிலும் இந்தச் சொல் வரும். ஷெர்ப்பா அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது கௌரவமான மாற்றம்தான், ஆனாலும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டே வந்தது: ஆளுக்குப் பெயர் சொல்லாமல் வகைக்குப் பெயர் சொல்வது.

1911 ஜூனில் சிக்கிம்–திபெத் எல்லையில் பவ்ஹுன்ரி என்ற சிகரத்தின் உச்சியை மூன்று பேர் தொட்டார்கள். உயரம் 7,128 மீட்டர். அன்றைக்கு மனிதக் கால் பட்ட சிகரங்களில் அதுதான் உயரமானது என்பது பல பத்தாண்டுகள் கழித்து, அளவைகள் திருத்தப்பட்ட பிறகுதான் தெரிந்தது. அதுவரை 1907-ல் வேறொரு குழு ஏறிய திரிசூல் சிகரத்தின் (7,120 மீட்டர்) பெயரில்தான் அந்தச் சாதனை இருந்தது. கெல்லாஸுக்கே தெரியாது. அவரோடு ஏறிய இருவர் ஷெர்ப்பாக்கள். பதிவில் ஒருவர் பெயர் 'சோனி'. இன்னொருவர் 'டூனியின் சகோதரர்'. அவ்வளவுதான்.

கெல்லாஸ் ஏறியதோடு நிற்கவில்லை. உயரத்தில் காற்றின் அழுத்தம் குறையக் குறைய உடம்பு என்ன பாடுபடும் என்று கணக்குப் போட்டார். நல்ல உடலும் பயிற்சியும் உள்ளவர், பாதை மிகக் கடினமாக இல்லாவிட்டால், ஆக்சிஜன் உருளை இல்லாமலே எவரெஸ்ட் ஏறலாம் என்று 1920-ல் எழுதிவைத்தார். 1978-ல் மெஸ்னர், ஹேபலர் என்ற இரண்டு மலையேறிகள் அப்படியே ஏறிக் காட்டினார்கள். அவரோ 1921-ல் முதல் எவரெஸ்ட் குழுவோடு போகும்போது வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி, தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே ஜூன் 5 அன்று திபெத்தின் கம்பா சோங் அருகே இறந்துபோனார். புதைத்த இடத்திலிருந்து பார்த்தால் அவர் ஏறிய பவ்ஹுன்ரி, காங்சென்ஜாவ், சோமியோமோ மூன்றும் தெரியும். அவர் பழக்கிய மலையாட்கள் சவக்குழிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை அந்தக் குழுவில் இருந்த மலையேறி மல்லோரி எழுதியிருக்கிறார். அந்த வரியிலும் பெயர் இல்லை.

இத்தனைக்கும் அவர்களிடம் பெயர் வைக்கும் முறை ரொம்ப எளிது. பல பேருக்குப் பிறந்த கிழமைதான் பெயர்: ஞாயிறு என்றால் நிமா, திங்கள் தாவா, செவ்வாய் மிங்மா, புதன் லாக்பா, வியாழன் புர்பா, வெள்ளி பாசங், சனி பெம்பா. இந்த ஏழையாவது கேட்டு எழுதியிருக்கலாம்.

இப்போது தமிழில் என்ன எழுதுவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இனத்தைச் சொல்லும்போது மொழிபெயர்க்கவே கூடாது, ஷெர்ப்பா என்றே எழுத வேண்டும், யாரும் குஜராத்தியைத் தமிழாக்குவதில்லை. 'ப்' போட்டு எழுதுவது நல்லது, இல்லாவிட்டால் 'பா'வை மெல்ல ஒலித்துவிடுவோம். கிரந்தம் வேண்டாதவர்களுக்குச் செர்ப்பா. தொழிலைச் சொல்லும்போது அந்த ஆள் என்ன வேலை செய்தார் என்று பார்த்து எழுதலாம்: மூட்டை சுமந்தால் சுமையாள், வழி காட்டினால் மலை வழிகாட்டி, கயிறு கட்டி உடன் ஏறினால் மலைத்துணைவர். ஏனென்றால் இன்றைக்கு அந்த வேலையைத் தமாங், ராய் இனத்தவரும் செய்கிறார்கள், அவர்களை ஷெர்ப்பா என்பது பிழை. உள்ளே ஆட்டு ரோமம் மாதிரி புசுபுசு என்ற துணி வைத்த ஜாக்கெட்டை 'ஷெர்பா' என்று விற்கிறார்களே, அதற்குக் கம்பளி உள்துணி போதும்.

ஜி20 ஷெர்பா ஒரு சிலேடை. மாநாட்டுக்கு ஆங்கிலத்தில் சிகரம் என்ற பொருளுள்ள சொல், எனவே தலைவரைச் சிகரத்துக்கு ஏற்றிவிடுகிற அதிகாரி ஷெர்ப்பா. தமிழிலும் உச்சி மாநாடு என்றுதான் சொல்கிறோம் என்பதால் சிலேடை தப்பிப் பிழைக்கும். ஆனாலும் செய்தியில் எனக்குப் பிடித்தது 'முன்னேற்பாட்டுத் தூதர்'. என் மாமனாருக்கு விளக்கம் தேவைப்படாது.

எனக்குச் சிக்கலாக இருந்தது பவ்ஹுன்ரி ஏறிய அந்த இரண்டாவது ஷெர்ப்பாதான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். தமிழில் அண்ணனா தம்பியா என்று தெரியாமல் வாக்கியமே நகராது, சகோதரர் என்றால் மேடைப்பேச்சு வாடை. தலைப்பில் உடன்பிறந்தான் என்று போட்டிருக்கிறேன்.