கால்டெரா: வாயா, தாழிறங்கிய பள்ளமா?

எரிமலையில் உண்டாகும் ஒருவகைப் பெரும் பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர். இது ஸ்பானியச் சொல். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு அடுப்பேற்றுவோமே, அந்தக் கிடாரம்தான் அதன் பொருள். வேர், சூட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்.

தமிழில் இதை 'எரிமலைப் பெருவாய்' என்று எழுதுவதுண்டு. உயர்தர வகுப்பு மாணவர்கள் வழுக்குவது இங்கேதான். பெருவாய் என்றதும், எரிமலைவாய் அகன்றால் கால்டெரா என்று விடை எழுதிவிடுகிறார்கள். வாய் என்பது பாறைக்குழம்பு வெளியே வரும் துவாரம். கால்டெராவோ கூரை இறங்கிய இடம். மலைக்கடியில் குழம்பு தேங்கிய அறை பெருவெடிப்பில் வெறுமையாகிவிட, மேலே உள்ள பாறைக்கு முட்டு இல்லாமல் போகிறது. வட்டமாக விரிசல் விட்டு உச்சி அப்படியே அமிழ்கிறது. குறுக்களவு பெரும்பாலும் 1 கிலோமீற்றருக்கு மேல்.

மலையகத்தாருக்கு இதற்குச் சொல் புதிதல்ல. அடைமழையில் லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டு) சுவர் வெடித்து, முற்றம் ஒரு முழம் கீழே போனால் 'நிலம் தாழிறங்கிவிட்டது' என்போம். மண்சரிவு வேறு, அது சாய்வில் வழுக்கி ஓடும். ஆகவே 'எரிமலைத் தாழிறங்கு பள்ளம்' என்பதே பொருத்தம். நீளம்தான், ஆனால் பிழையாக விளங்காது.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன் நிலவியலாளர் லியோபோல்ட் ஃபொன் பூக் 1815இல் ஸ்பெயினின் கனரித் தீவுகளுக்குப் போய் வந்த பிறகே இச்சொல் நிலவியலுக்குள் புகுந்தது. அங்கே லா பல்மா தீவிலுள்ள 'கால்டெரா டி தபுரியெந்தே' பெரும்பாலும் சரிவாலும் அரிப்பாலும் உண்டான பள்ளம், கூரை இறங்கியதல்ல.

அசல் உதாரணம் அந்தாட்டிக்கா அருகேயுள்ள டிசெப்ஷன் தீவு. நிரந்தரக் குடிகள் இல்லை; கோடையில் ஆய்வாளர்கள் தங்குவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் தீவு. உள்ளே தாழிறங்கிய பள்ளத்தில் கடல் நிற்கிறது. பெயரே 'ஏமாற்று' என்றுதான். சுமார் 230 மீற்றர் அகல வாசலால்தான் கப்பல் நுழைய வேண்டும். அதன் நடுவே நீருக்கு 2.5 மீற்றர் கீழே ஒரு பாறை. எரிமலை இன்னும் அடங்கவில்லை: 1967, 1969, 1970இல் வெடித்து ஆய்வு நிலையங்களை அழித்தது.

இலங்கையில் சிவனொளிபாதமலை கூம்பாக இருப்பதைப் பார்த்து அதையும் எரிமலை என்பார் உண்டு. அது பழைய உருமாறிய பாறை. நுவரெலியா கிரகரி வாவியும் கால்டெரா ஏரி அல்ல, 1873இல் அணை கட்டித் தேக்கிய நீர்.