எதிரொளிப்பு பிலிம் திரைச்சீலை அல்ல

காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கும் பழைய பயண டிரெய்லரை வாங்கிச் சீரமைப்பவர்கள் பலர் சீக்கிரமே கை வைப்பது ஜன்னலில்தான். வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் மெல்லிய ஒட்டுத்தாளான எதிரொளிப்பு பிலிம் ஒரு சுருள் வாங்கி, சோப்பு நீர் தெளித்து ஒட்டிவிட்டால் வெயிலும் அடங்கும், அடுத்தவர் பார்வையும் அடங்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அண்மையில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு டிரெய்லரைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. முன்பக்க ஜன்னல் கண்ணாடி அல்ல, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பலகை. பிலிமுக்கு அடியில் கடுகிலிருந்து மிளகு வரை எல்லா அளவிலும் கொப்புளங்கள். அவற்றை எடுக்க உரிமையாளர் பிளேடால் சுரண்டியிருக்கிறார். பலகை முழுவதும் கீறல். அந்த வளைவில் மாற்றுப் பலகை கடையில் கிடைக்காது. செய்து வாங்கத்தான் வேண்டும்.

ஆகவே முதல் வேலை: உங்கள் ஜன்னல் கண்ணாடிதானா என்று பாருங்கள். நகத்தால் தட்டினால் கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், தொட்டால் சில்லென்றிருக்கும். அக்ரிலிக் மந்தமாக ஒலிக்கும். மூலையில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒரு ஜன்னலைப் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று முடிவுகட்டாதீர்கள். 1960களின் பிற்பகுதியில் ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிரெய்லர்களில் வந்த, கார்னிங் நிறுவனம் தயாரித்த வளைந்த கண்ணாடி உடைந்தால் மாற்று கிடைப்பது அரிது. அதனால் பிளாஸ்டிக் பலகை போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அக்ரிலிக், பாலிகார்பனேட் என்ற இந்த பிளாஸ்டிக்குகள் வெப்பத்தில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும், உள்ளிருந்து ஈரத்தையும் வாயுவையும் கசியவிடும். கண்ணாடிக்கான சாதாரண பிலிம் அவற்றின்மேல் நிற்காது. பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்த பிலிம் இருந்தால் ஒட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இனி என் பொறுமையைச் சோதிக்கும் கேள்வி. "பிலிம் ஒட்டிவிட்டோமே, ராத்திரியும் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாதல்லவா?" தெரியும். நன்றாகவே தெரியும். இந்த பிலிமுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற விசுவாசம் கிடையாது. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடியாக மின்னும். இருட்டில் நிற்பவருக்கு வெறும் ஜன்னல்தான். பகலில் வெளியே வெயில், அதனால் நீங்கள் மறைந்திருக்கிறீர்கள். மாலையில் உள்ளே விளக்கைப் போட்ட நொடியில் நிலைமை தலைகீழ். உங்களுக்கு உங்கள் முகம் மட்டுமே தெரிகிறது, அதைப் பார்த்து மறைந்திருக்கிறோம் என்று நிம்மதியாக உடை மாற்றுகிறீர்கள். பக்கத்து டிரெய்லரில் இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் மேடையில் நிற்கிறீர்கள்! இன்னும் கருமையான பிலிம் போட்டால் சரியாகிவிடும் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். ஆகாது; காட்சி கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். உட்புறம் குறைவாக எதிரொளிக்கும் பிலிம்களும் வருகின்றன. அவை இரவில் நீங்கள் வெளியே பார்ப்பதற்கு உதவும், உங்களை மறைக்க அல்ல. நம்பிக்கை வரவில்லையா? ஒருவரை உள்ளே விளக்கோடு உட்காரவைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். பெட்டியில் 'ஒருவழிப் பார்வை' என்று கொட்டை எழுத்தில் அச்சிடுபவர்கள் 'பகலில் மட்டும்' என்று சேர்த்திருந்தால் என் தொண்டை மிச்சம். தயவுசெய்து திரைச்சீலையைக் கழற்றிப் போடாதீர்கள்.

வெயிலைப் பற்றியும் மிகையாக எதிர்பார்க்க வேண்டாம். பிலிம் தடுப்பது ஜன்னல் வழியாக வரும் வெப்பத்தை மட்டுமே. கூரையும் சுவரும் காய்ந்துகொண்டுதான் இருக்கும். உடல் முழுக்க அலுமினியமான டிரெய்லரில் செல்பேசி அலை நுழைவதே ஜன்னல் வழியாகத்தான். அங்கும் உலோகப் பூச்சுள்ள பிலிமை ஒட்டிவிட்டு, சிக்னல் இல்லை என்று புலம்புவதில் பயனில்லை.

உண்மையான கண்ணாடிதான் என்றால் தாராளமாக ஒட்டுங்கள். இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் மட்டும் பிலிம் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலைப் பாருங்கள். பொருந்தாத பிலிமை ஒட்டினால் வெப்பம் சீராகப் பரவாமல் விரிசல் விடலாம், இரு கண்ணாடிகளின் ஓரத்தை அடைக்கும் சீல் கெடலாம். ஓரத்தில் 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பிலிமை ஜன்னல் ஓர ரப்பர் வரை இழுத்து ஒட்டவே கூடாது, அவசர வழி ஜன்னலில் சத்தியமாகக் கூடாது. ஒட்டி முடித்ததும் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள். நகரும் ஜன்னலில் கண்ணாடியும் கண்ணாடியும் உரசும் பக்கத்தில் ஒட்டினால் ஒரே பயணத்தில் கிழியும். பட்டை பட்டையான ஜலூசி ஜன்னலுக்கு ஒவ்வொரு பட்டையாக வெட்டி ஒட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஒட்டியதும் பால்போல் மங்கல் தெரிந்தால் பதறி உரிக்காதீர்கள், அது நீர். முழுதாகக் காய 30 நாள் வரை ஆகலாம், குளிரில் இன்னும் கூடும். அதுவரை துடைக்காதீர்கள். அதன் பிறகும் அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம்.

அக்ரிலிக்கில் ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? பிளேடைக் கீழே வையுங்கள். அசிட்டோன், தின்னர் எதுவும் வேண்டாம், பலகை வெளுத்து நுண்விரிசல் விடும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியை மேலே போர்த்தி ஊறவிடுங்கள், ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள், மிஞ்சும் பசையை விரலால் உருட்டி எடுங்கள். நேரம் பிடிக்கும்தான்.