இயேசுவின் குடும்பக் கல்லறை: அந்த டி.என்.ஏ. சோதனை எதைக் காட்டியது?

உறவுமுறையைக் கண்டறியும் டி.என்.ஏ. ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தவக்காலம் வந்தால் 'இயேசுவின் குடும்பக் கல்லறை கிடைத்துவிட்டது, டி.என்.ஏ.வே நிரூபித்துவிட்டது' என்கிற காணொளி மறுபடி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். உண்மையா என்று கேட்பவர்களில் சிலர் நிஜமாகவே கலங்கிப்போயிருக்கிறார்கள்.

1980இல் ஜெருசலேமின் தல்பியோட் பகுதியில் குடியிருப்பு கட்டத் தோண்டியபோது, பாறையில் குடைந்த கல்லறை ஒன்று வெளிப்பட்டது. உள்ளே பத்து எலும்புப் பேழைகள். ஆறில் பெயர்கள் இருந்தன: யோசேப்பின் மகன் இயேசு, மரியா, மரியாம்னே, இயேசுவின் மகன் யூதா என்றெல்லாம். 2007இல் வந்த ஓர் ஆவணப்படம் மரியாம்னேதான் மகதலா மரியா என்றும், அவர் இயேசுவின் மனைவி என்றும் சொன்னது. இந்தக் கல்லறையை ஆராய்ந்து எழுதியிருந்த தொல்லியலாளர் அமோஸ் க்ளோனர் அதை ஏற்கவில்லை. அக்காலத்து யூதப் பெண்களில் நாலைந்து பேருக்கு ஒருவர் மரியா. யோசேப்பும் இயேசுவும்கூட வழக்கமான பெயர்கள்தாம். 'யோசேப்பின் மகன் இயேசு' என்று பொறித்த வேறொரு பேழையை 1931இலேயே சுகேனிக் என்ற அறிஞர் வெளிப்படுத்தியிருக்கிறார்.

சரி, என் துறைக்கு வருகிறேன். எலும்புகள் ஏற்கெனவே மறு அடக்கம் ஆகிவிட்டதால், பேழைக்குள் மிஞ்சியிருந்த துணுக்குகளில்தான் சோதித்தார்கள். அதுவும் 'யோசேப்பின் மகன் இயேசு', 'மரியாம்னே' என்ற இரண்டு பேழைகளில் மட்டும். எடுத்தது மைட்டோகாண்ட்ரியல் டி.என்.ஏ., அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்பகுதிகளில் இருக்கும் டி.என்.ஏ. ஒரு செல்லில் இதற்கு நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால் பழைய எலும்பிலும் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் இது தாயிடமிருந்து மட்டுமே வருவது. இரண்டும் பொருந்தவில்லை, ஆகவே இருவரும் ஒரே தாய்வழி அல்ல. சோதனை சொன்னது அவ்வளவுதான். 'ரத்த உறவில்லை, அப்படியானால் கணவன் மனைவி' என்பது படம் எடுத்தவர்கள் சேர்த்துக்கொண்டது.

உங்கள் வீட்டில் இதே சோதனையைச் செய்தால் பெரும்பாலும் அப்பாவுக்கும் மகளுக்கும் பொருந்தாது. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் பேரனுக்கும் பொருந்தாது. தாய்மாமனைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் அவள் கணவனுக்குமோ கச்சிதமாகப் பொருந்தும்! அந்த மரியாம்னே இன்னொருவரின் மனைவியாகவோ, தந்தைவழி அத்தையாகவோ, வேறு தாய்க்குப் பிறந்த சகோதரியாகவோ இருந்திருக்கலாம். ஒரே பேழையில் பலருடைய எலும்புகளைச் சேர்த்து வைப்பதும் அன்று வழக்கம். எனவே சோதித்த துணுக்கு பெயருக்குரியவருடையதுதான் என்றுகூட உறுதி சொல்ல முடியாது. 'இயேசுவின் மகன் யூதா' பேழையை இயேசுவோடும் மரியாம்னேயோடும் ஒப்பிட்டார்களா என்றால், அதுவும் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் யாருடைய மாதிரி, யார் எடுத்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிறோம். அதில் ஓர் இடம் விட்டுப்போனால் அறிக்கைக்கு மதிப்பில்லை. பல காலம் திறந்து கிடந்த பேழை விஷயத்தில் இந்தக் கேள்வியை நிச்சயம் கேட்க வேண்டும்.

நம்பிக்கைக்குச் சாதகமாக வரும் செய்திகளிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். 2002இல் 'யோசேப்பின் மகனும் இயேசுவின் சகோதரருமான யாக்கோபு' என்று எழுதிய பேழை அறிவிக்கப்பட்டபோது பலர் மகிழ்ந்தார்கள். அது ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வந்தது. எந்த அகழாய்வில் கிடைத்தது என்ற பதிவே இல்லை. அடுத்த ஆண்டே இஸ்ரேல் தொல்லியல் துறை அந்த எழுத்தைப் போலி என்றது. 2012இல் உரிமையாளர் மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். ஆனால் அதனால் எழுத்து உண்மையானது என்று ஆகிவிடாது என்பதை நீதிபதி தெளிவுபடுத்தினார்.