செட்டிநாட்டில் எந்த ஊரில் எவ்வளவு நெல்?

செட்டிநாட்டுக்கென்று தனியாகப் பயிர்ப் புள்ளிவிவரம் கிடையாது. காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை மாவட்டக் கணக்கில் சேரும். திருமயம், அரிமளம் பக்கத்து ஊர்கள் புதுக்கோட்டைக் கணக்கில் சேரும். அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் வைகைக் கரைத் திருப்புவனமும் இருக்கிறது. பயிர் வரைபடத்தில் மாவட்டம் முழுவதற்கும் ஒரே பச்சை நிறம் பூசினால், தென்னையும் வாழையும் நிற்கும் ஆற்றங்கரையும், மழையையும் கண்மாயையும் நம்பிய கல்லல், சாக்கோட்டை ஒன்றியங்களும் ஒன்றுபோலவே தெரியும். அந்தப் படத்தால் இங்குள்ள விவசாயிக்குப் பயன் இல்லை. வரைபடம் கிராமத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கான தரவு நம்மிடம் இருக்கிறது. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்ற பதிவேட்டில் பதிகிறார். இது பசலி ஆண்டுக் கணக்கு: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஐப்பசி மழையில் வளர்ந்து தை, மாசியில் அறுவடையாகும் நெல்லை ஜனவரிக் கணக்கு இரண்டாக வெட்டிவிடும், பசலி வெட்டுவதில்லை. கிராமக் கணக்குகள் பிர்கா, வட்டம், மாவட்டம் என்று கூடிக்கொண்டே போய், பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவ, பயிர் அறிக்கையில் அச்சாகின்றன. கூடக் கூட ஊர் மறைகிறது.

பரப்பு தெரிந்தால் போதாது, மகசூலும் வேண்டும். அதற்குத்தான் பயிர் அறுவடைப் பரிசோதனை. 1940-களில் பி. வி. சுகாத்மே போன்ற புள்ளியியலாளர்கள் செம்மைப்படுத்திய முறை இது. கிராமத்தையும் வயலையும் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, சமவாய்ப்பு எண்கள் சொல்லும் அளவுக்கு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நடந்து, நிற்கும் இடத்தில் முளை அடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டுவார்கள். கதிர் செழித்த இடத்தைக் கண் தேடக்கூடாது என்பதற்காகவே இத்தனை கட்டுப்பாடும். கயிற்றுக்குள் விளைந்ததை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். ஈரம் போகக் காயவைத்தும் பார்ப்பார்கள். 25 சதுர மீட்டரை 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர். ஆகவே 10 கிலோ கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ. தராசில் 100 கிராம் பிசகினால் ஹெக்டேரில் 40 கிலோ பிசகும். வரைபடத்தின் நம்பகம் முழுவதும் அந்தக் கயிற்றுக்குள் இருக்கிறது என்பேன்.

இடைவெளிகளைச் செயற்கைக்கோள் நிரப்புகிறது. ஐரோப்பாவின் செண்டினல்-2 எடுக்கும் படங்கள் எல்லோருக்கும் இலவசம். நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வேறுபாட்டை வைத்துக் கணக்கிடுவதே பசுமைக் குறியீடு. ஆனால் ஒற்றைப் படத்தை நம்பினால் மோசம்போவோம். வற்றிய கண்மாய்க்குள் அடர்ந்திருக்கும் சீமைக் கருவேலமும், மேட்டு நிலத்துத் தைலமரமும் நெல்லைப் போலவே பச்சை காட்டும். மாதாமாதம் தொடர்ந்து பார்த்தால் வேஷம் கலைந்துவிடும்: நெல் ஏறி இறங்கும், மரம் கோடையிலும் பச்சையாகவே நிற்கும். மழைக்கால மேகம் மறைத்தால் செண்டினல்-1-இன் ரேடார் உண்டு. நீர் தேங்கிய வயல் அதில் கறுத்துத் தெரியும். பயிர் எழ எழ வெளுக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. செண்டினல்-2-இன் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். 20 சென்ட் வயலுக்கு எட்டுப் புள்ளிதான் கிடைக்கும். அதிலும் வரப்போரப் புள்ளிகளில் பக்கத்து வயல் கலந்துவிடும். அடங்கலையும் அறுவடைப் பரிசோதனையையும் தள்ளிவிட்டு வானத்தை மட்டும் நம்ப முடியாது.

ஊர் அளவில் பார்ப்பது ஏன் முக்கியம் என்பது பயிர்க் காப்பீட்டில் தெரியும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு காப்பீட்டு அலகின் (இழப்பீட்டுக்காக ஒன்றாகக் கணக்கிடப்படும் பகுதியின்) சராசரி மகசூல் வரையறுத்த அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மகசூல் இழப்பீடு. அலகு பெரிதாக இருந்து, மூன்று கண்மாய்கள் நிரம்பி நான்காவது மட்டும் வறண்டால், சராசரி தப்பித்துவிடும். நான்காவது கண்மாயின் ஆயக்கட்டில் பயிர் கருகியவருக்கு அந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் வராது.